வசந்தத்துக்குள் வந்துவிடும்

மினோஹாமா
18 நவம்பர் 2024

மிசாவோவுக்கு,

நேற்று இந்தக் குளிர்காலத்தின் முதல் இடி இடித்தது. இனி மீன் வரத்து கூடும். கடிதம் என்றால் இப்படி ஒரு வரியில்தான் தொடங்க வேண்டும் என்று அம்மா சொல்லித் தந்திருக்கிறாள். எழுதிவிட்டேன். இனி விஷயம்.

எனக்குத் தொண்டையில் புற்றுநோய். குரல்பெட்டிக்குப் பின்னால், சோறு இறங்குகிற வழியில், ஒரு பக்கமாக இருக்கிறதாம். கோடையிலிருந்தே விழுங்கும்போது குத்தியது. மீன் முள் என்று நினைத்தேன். நம் ஊரில் வேறு என்ன நினைப்பார்கள்? சோற்றை உருண்டை பிடித்து மெல்லாமல் விழுங்கினேன், நான்கு மாதம். "வினிகர் குடிய்யா, முள்ளு தானா கரைஞ்சிடும்" என்றான் மீன் வியாபாரி குரோதா. அதையும் குடித்தேன். பிறகு மீன் ஏலம் கூவும்போது குரல் பிளக்க ஆரம்பித்தது. "யோவ் எறா, ஒன் தொண்டையில ரெண்டு பேரு கத்துறாங்க, நாங்க எந்த ஆளுக்கு வெல சொல்றது?" என்று சிரித்தார்கள். என் கூன் முதுகைப் பார்த்து இறால் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அப்புறம்தான் டாக்டரிடம் போனேன்.

நீ கடைசியாகப் பார்த்தபோது எனக்கு முதுகு மட்டும்தான் வளைந்திருந்தது. இப்போது கழுத்தும் சேர்ந்து இறுகிவிட்டது. எலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டி ஏறக்குறைய ஒரே கம்பாகிவிட்டன. மோவாய்க்கும் நெஞ்சுக்கும் நடுவே மூன்று விரல்தான் போகும். ஏலத்தில் இரண்டு மீன் பெட்டிகளை அடுக்கி அதன்மேல் நிற்கிறேன். மற்றத் துறைமுகங்களில் வாங்குகிறவர்கள் தலைக்கு மேல் விரலைத் தூக்கி விலை காட்டுவார்கள். இங்கே எனக்காக இடுப்புக்குக் கீழே காட்டுகிறார்கள். வெளியூர்க்காரன் யாராவது பார்த்தால் ஏதோ திருட்டு வியாபாரம் என்று நினைத்துக்கொள்வான்.

இதற்கு வழக்கமாக, நோயாளியின் தலையை நன்றாகப் பின்னால் சாய்த்து, வாய் வழியாக நேரான இரும்புக் குழாயை விட்டு வெட்டி எடுப்பார்களாம். என் கழுத்தில் அது நடக்காது. கதிர்வீச்சு கொடுக்கிற மேஜையில் என்னை மல்லாக்கப் படுக்கவைக்கவும் முடியாது. ஹதானோ டாக்டர் (பெண், நாற்பது வயது இருக்கும், வேகமாகப் பேசுகிறார்) ரோபோவை வைத்துப் பார்க்கலாம் என்கிறார். மெல்லிய கைகள், நுனியில் மணிக்கட்டு மாதிரி வளையும். அதன் கேமராவும் கோணலாகப் பார்க்கும். அவர் தள்ளி உட்கார்ந்து அதை ஓட்டுவார். கைகள் உள்ளே போய் எட்டினால் கட்டி மட்டும் வெளியே வரும், குரல் இருக்கும். எட்டாவிட்டால் கழுத்தை வெளியிலிருந்து வெட்டி, குரல்பெட்டியோடு எடுக்க வேண்டும். அப்பாவுக்குச் செய்தார்களே, அது. எட்டுமா எட்டாதா என்பது மயக்கம் கொடுத்து வாயைத் திறந்து பார்த்தால்தான் தெரியும்.

டிசம்பர் 19 என்று நாள் குறித்திருக்கிறார்கள். குடும்பத்தில் ஒருவர் கையெழுத்துப் போட்டு, அன்று முழுக்கக் காத்திருப்பு அறையில் இருக்க வேண்டுமாம். எனக்கு மனைவி மக்கள் இல்லை. குரோதா வருகிறேன் என்றான். "மீன் வாங்குறவரெல்லாம் சொந்தத்துல சேர மாட்டாருங்க" என்று நர்ஸ் சொல்லிவிட்டாள். நீ ஒருத்திதான். என்னோடு பேச வேண்டாம். அந்த அறையில் உட்கார்ந்திருந்தால் போதும்.

இன்னொன்று. ஒரு கிண்ணம் சாகே குடித்தாலே முகம் சிவக்கிறவர்கள் விடாமல் குடித்தால் இந்த நோய் அதிகம் வருமாம். அப்பா சிவப்பார். நான் சிவப்பேன். நீயும் சிவப்பாய். ஒருமுறை டாக்டரிடம் காட்டிக்கொள்.

தோகுஜி


ஒகாயாமா
27 நவம்பர் 2024

இசோபே தோகுஜி அவர்களுக்கு,

இடி, மீன், வரத்து. இருபத்திரண்டு வருஷம் கழித்துக் கூடப்பிறந்த அண்ணன் தங்கைக்கு எழுதுகிற முதல் வரி. நன்றாக இருக்கிறது.

உங்கள் கடிதம் வேலைக்குக் கிளம்புகிற நேரத்தில் வந்தது. பேருந்தில் படித்தேன். நான் முதியோர் இல்லத்தில் சமைக்கிறேன் என்பது உங்களுக்குத் தெரியுமோ தெரியாதோ. அறுபத்திரண்டு பேர். அதில் பத்தொன்பது பேருக்கு விழுங்க வராது. அவர்களுக்கு எல்லாவற்றையும் அரைத்து, சலித்து, கூழாக்கித் தருவது என் வேலை. மற்றவர்களின் தொண்டையை வைத்துத்தான் என் பிழைப்பே நடக்கிறது. அன்றைக்குப் பூசணிக்காய் அரைத்தேன். அழுகை வரும், வரும் என்று பார்த்தேன். வரவில்லை. இதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எழுதுகிறேன்.

"அப்பாவுக்குச் செய்தார்களே, அது" என்று எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டீர்கள்! செய்தார்களா? செய்ய வைத்தது யார்? அந்தக் காலத்தில் நோயாளிக்குச் சொல்ல மாட்டார்கள், மூத்த பையனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்வார்கள். உங்களை வராந்தாவுக்குக் கூப்பிட்டார்கள். போனீர்கள், கையெழுத்துப் போட்டீர்கள், வந்தீர்கள். தொண்டையில் கொப்புளம் என்று அப்பாவுக்குச் சொல்லப்பட்டது. அவர் ஏலம் கூவினால் அடுத்த துறைமுகம் வரைக்கும் கேட்கும் என்பார்கள். கண் விழித்தபோது கழுத்தில் ஓட்டை இருந்தது, குரல் இல்லை. குழந்தைகள் எழுதி அழித்து விளையாடுகிற பலகை ஒன்றை வாங்கிக் கொடுத்தோம். அதில் முதலில் என்ன எழுதினார், ஞாபகம் இருக்கிறதா? "எப்போது திரும்பி வரும்?" என்று எழுதினார். வசந்தத்துக்குள் வந்துவிடும் என்று அவருக்குச் சொல்லப்பட்டது.

வசந்தம் வந்தது. ஏலப் பெட்டிமேல் நீங்கள் ஏறினீர்கள். அப்பா அதற்குப் பிறகும் ஒன்பது வருஷம் இருந்தார். ஒரு நாளாவது மார்க்கெட் பக்கம் போனாரா? உங்களுக்கு ஒரு எழுத்தாவது அந்தப் பலகையில் எழுதினாரா? எனக்கு எழுதினார். "உப்பு கம்மி" என்று எழுதினார், "சன்னலைச் சாத்து" என்று எழுதினார். உங்களைக் கண்டால் பலகையைக் கவிழ்த்து வைத்துவிடுவார்.

சாவு வீட்டில் எல்லோர் முன்னாலும் உங்களைக் கேட்டேன். "அவர் தொண்டையையும் எடுத்துக்கிட்டீங்க, எடத்தையும் எடுத்துக்கிட்டீங்க, இன்னும் என்ன வேணும்?" நீங்கள் வாயைத் திறக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு நின்றீர்கள். உங்கள் தலைதான் எப்போதும் குனிந்தே இருக்குமே.

இப்போது அதே மாதிரி ஒரு வராந்தாவில் நான் வந்து உட்கார வேண்டுமாம். வேறு ஆளைப் பாருங்கள். தொலைபேசியில் கூப்பிடாதீர்கள். உங்கள் குரலைக் கேட்க எனக்கு விருப்பமில்லை.

மிசாவோ

பி.கு. அந்தச் சோற்று உருண்டை வேலையை இன்றோடு நிறுத்துங்கள். எங்கள் இல்லத்தில் ஒருவர் அப்படித்தான் மூச்சடைத்துப் போனார். தேநீரைக்கூடக் கெட்டியாக்கிக் குடிக்க வேண்டும். அதற்கென்று மாவு விற்கிறார்கள்.


மினோஹாமா
3 டிசம்பர் 2024

மிசாவோவுக்கு,

மாவு வாங்கினேன். தேநீர் கஞ்சி மாதிரி ஆகிவிட்டது. குடிக்கிறேன்.

நீ எழுதியதில் தப்பு ஒன்றும் இல்லை. வராந்தாவுக்குப் போனேன், கையெழுத்துப் போட்டேன், வந்தேன். அன்றைக்கு டாக்டர் சொன்னது ஒரு வரி. "எடுக்கலேன்னா மூணு மாசம்." அதற்குப் பிறகு அவர் சொன்னது எதுவும் என் காதில் ஏறவில்லை. பேனா எழுதவில்லை என்று இரண்டு முறை உதறினது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

அப்பாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. என்னிடம் எல்லாவற்றையும் சொல்கிறார்கள். ஹதானோ டாக்டர் படம் வரைந்து, கட்டிக்குச் சிவப்பு, குரலுக்கு நீலம் என்று நிறம் தீட்டிக் காட்டினார். யாருடைய தொண்டையைப் பற்றியோ பேசுகிறார் என்பது போலக் கேட்டுக்கொண்டிருந்தேன். பயம் இல்லை. எதுவுமே இல்லை. காலையில் ஏலத்துக்குப் போகிறேன், கணவாய் மலிவாக இருக்கிறது, வீட்டுக்கு வருகிறேன். இவர்கள் சொல்லாமலே இருந்திருக்கலாம் என்றுகூட ஒருநாள் தோன்றியது. இதைப் படித்தால் உனக்குக் கோபம் வரும்.

படிவத்தில் இரண்டு கட்டங்கள் இருக்கின்றன. ரோபோவின் கை எட்டாவிட்டால், அதே மயக்கத்திலேயே குரல்பெட்டியை எடுத்துவிடலாம் என்பது ஒன்று. எதையும் எடுக்காமல் எழுப்பி என்னிடமே கேட்க வேண்டும் என்பது இன்னொன்று. நான் இரண்டிலும் குறி போடவில்லை. ஓரத்தில், "தங்கையிடம் கேளுங்கள்" என்று எழுதிக் கொடுத்தேன். டாக்டர் படித்துவிட்டு, "இசோபே சான், இது உங்க தொண்டைங்க. தங்கச்சி தொண்டை இல்ல" என்றார். ஆனாலும் வாங்கி வைத்துக்கொண்டார்.

நீ எதைச் சொன்னாலும் அது எனக்குச் சரி. அப்பா விஷயத்தில் உன்னைக் கேட்காமல் செய்தேன். இந்த முறை நீயே சொல்.

தோகுஜி


ஒகாயாமா
9 டிசம்பர் 2024

இசோபே தோகுஜி அவர்களுக்கு,

இது பரிகாரமா, பழிவாங்கலா? எனக்குப் புரியவில்லை. நான் "எடுங்கள்" என்றால் உங்களை மாதிரி ஆகிவிடுவேன். "எடுக்காதீர்கள்" என்று சொல்லி நீங்கள் செத்துப்போனால் அதுவும் என் தலையில்தான் விழும். நன்றாக யோசித்திருக்கிறீர்கள்.

என் வீட்டுக்காரரிடம் காட்டினேன். "போய்ட்டு வாயேன். கதவோரமா உக்காந்துட்டு வந்துடு. உனக்கு என்ன கொறஞ்சிடும்?" என்கிறார். அவருக்கென்ன, நாக்கு சும்மா இருக்கிறது.

அந்தப் படிவத்தைத் திரும்ப வாங்குங்கள். உங்கள் கையால், உங்கள் பேனாவால் ஒரு கட்டத்தில் குறி போடுங்கள். அப்பாவுக்கு யாரும் அந்தப் பேனாவைக் கொடுக்கவில்லை. உங்களுக்குக் கொடுக்கிறார்கள், அதை என் பக்கம் தள்ளுகிறீர்கள். வெட்கமாக இல்லையா?

எந்தக் கட்டம் என்று எனக்கு எழுதுங்கள். எழுதினால் 19ஆம் தேதி வருகிறேன். உட்காருவேன். பேசமாட்டேன்.

மிசாவோ


மினோஹாமா
13 டிசம்பர் 2024

மிசாவோவுக்கு,

இரண்டாவது கட்டம். எட்டாவிட்டால் எடுக்காமல் எழுப்பி என்னிடம் சொல்ல வேண்டும். குறி போட்டுவிட்டேன். இரண்டு நாள் ஆயிற்று. பேனா முதல் தடவையே எழுதியது.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். அன்று சாவு வீட்டில் நீ கேட்டபோது நான் உன்னிடம் தலை வணங்கினேன். ஏற்கெனவே இருந்த குனிவுக்குக் கீழே இன்னும் இரண்டு விரற்கடை. அதற்கு மேல் முதுகு இறங்கவில்லை. எனக்கு அது பெரிய வணக்கம். நீ பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் தெரிந்திருக்காது. மற்றவர்கள் மன்னிப்புக் கேட்டால் முதுகில் தெரியும். என் முதுகில் ஒன்றும் தெரியாது. வாயால்தான் சொல்லியிருக்க வேண்டும். ஒரு காலையில் நானூறு பெட்டிக்குக் கத்துகிற வாய், அன்றைக்குத் திறக்கவில்லை.

காத்திருப்பு அறையில் ஹீட்டர் சரியில்லை. தடித்த சட்டையாகப் போட்டுக்கொண்டு வா.

தோகுஜி


தொயாமா ரயில் நிலையம்
20 டிசம்பர் 2024

அண்ணனுக்கு,

நீங்கள் கண் விழிப்பதற்குள் கிளம்பிவிட்டேன். மூச்சுக்காக உள்ளே விட்ட குழாயை வீக்கம் வடியும்வரை எடுக்க மாட்டார்களாம், அதுவரை தூங்கத்தான் வைப்பார்களாம். இதை நிலையத்தில் உட்கார்ந்து எழுதி, இங்கேயே தபாலில் போடுகிறேன். நீங்கள் விழித்ததும் நர்ஸ் கொடுப்பாள்.

நேற்று நடந்ததை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். உங்களிடம் எதையும் மறைக்கக் கூடாது என்று முடிவு செய்திருக்கிறேன்.

ஒன்பது மணிக்கு உள்ளே கொண்டுபோனார்கள். ஹீட்டர் உண்மையிலேயே சரியில்லை. பதினொன்றரைக்கு ஹதானோ டாக்டர் வெளியே வந்தார். முகமூடியை இறக்கிவிட்டு என் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பேசினார். "கை உள்ள போயிடுச்சுங்க. மேல் பக்கம் நல்லா தெரியுது. கீழ் ஓரம் மட்டும் தெரிய மாட்டேங்குது. இன்னும் கொஞ்ச நேரம் முயற்சி பண்றோம். முடியலேன்னா அவர் எழுதினபடி எழுப்பணும். ஆனா ஒண்ணு, குடும்பத்துக்கு நான் சொல்லியாகணும். இந்தக் கழுத்துல மூச்சு விடறதுக்குக் குழாய் போடவே ஒரு மணி நேரம் ஆச்சு. இன்னொரு தடவை போட முடியுமான்னு என்னால உறுதியா சொல்ல முடியாது."

அவர் "எடுத்துவிடவா" என்று கேட்கவில்லை. அது அவர் மரியாதை. ஆனால் அது அங்கேதான் நின்றது, எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில்.

அண்ணா, என் வாய் திறந்தது "எடுத்துடுங்க" என்று சொல்லத்தான். குரல் போனால் போகட்டும், ஆள் இருக்கட்டும் என்று. யோசித்ததுகூட இல்லை, தானாக வந்துவிட்டது, பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. முப்பது வருஷமாக உங்களை ஏசிய இந்த வாய்தான்.

பிறகு நீங்கள் குறி போட்டது ஞாபகம் வந்தது. "அவர் எழுதினதுதான்" என்றேன். டாக்டர் தலையாட்டிவிட்டு உள்ளே போனார். கொண்டுபோயிருந்த சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, தின்னாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். உங்களைக் கொன்றுவிட்டேனோ என்றுகூடத் தோன்றவில்லை. சோற்றில் எள் எத்தனை இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு மணிக்கு மறுபடி வந்தார். சிரித்துக்கொண்டு வந்தார். அதுவரை உங்கள் தலையை எப்படியாவது ஒரு இம்மியாவது நிமிர்த்தப் பார்த்திருக்கிறார்கள். மயக்க டாக்டர், வயசானவராம், "நிமித்தறத விடுங்க, இன்னும் குனிய வைங்க" என்றாராம். தலைக்கடியில் இன்னும் இரண்டு துண்டுகளை மடித்து வைத்து, கட்டிலைச் சாய்த்திருக்கிறார்கள். தலை இன்னும் கொஞ்சம் முன்னால் வந்ததும் கீழ் ஓரம் தெரிந்ததாம். ரோபோவின் கை எட்டிவிட்டது. கட்டி வந்துவிட்டது. குரல்பெட்டியைத் தொடவில்லை. எத்தனை விரற்கடை குனிய வைத்தார்கள் என்று நான் கேட்கவில்லை.

சாயங்காலம் உங்களைப் பார்க்க ஐந்து நிமிஷம் விட்டார்கள். தலையணைகளை அடுக்கி உங்களைச் சாய்த்து வைத்திருந்தார்கள். அதனால் முகம் தெரிந்தது. இத்தனை காலமாக உங்களை நினைத்தால் உச்சந்தலைதான் நினைவுக்கு வரும். நேற்று முகத்தைப் பார்த்தேன். அப்பா முகம். அதற்குமேல் அங்கே இருக்க முடியவில்லை, வந்துவிட்டேன்.

ரயில் வந்துவிட்டது.

மிசாவோ


மினோஹாமா
12 ஜனவரி 2025

மிசாவோவுக்கு,

பனி முழங்கால் வரைக்கும் கொட்டிக் கிடக்கிறது. நான் முந்தாநாள் வீட்டுக்கு வந்தேன்.

உன் கடிதத்தை நர்ஸ் கொடுத்தாள். மூக்கில் குழாயோடு படித்தேன். பிறகு இன்னொரு முறை படித்தேன். நீ "எடுத்துடுங்க" என்று சொல்லியிருந்தாலும் நான் உன்மேல் ஒன்றும் நினைத்திருக்க மாட்டேன். இது ஆறுதலுக்கு எழுதுவது இல்லை. அந்த இடத்தில் நின்ற ஆள் எழுதுவது.

வெட்டியெடுத்த ஓரத்தில் நோய் இல்லை என்று அறிக்கை வந்துவிட்டது. ஓரம் மெல்லிசுதானாம், மாதாமாதம் வந்து காட்டச் சொல்கிறார்கள். விழுங்கப் பழக்குவதற்கு ஒரு பெண் தினமும் வந்தாள். புத்தாண்டு அன்று எறாவை அரைத்துக் கூழாக்கி, அதை மறுபடி எறா வடிவத்திலேயே அச்சில் ஊற்றிக் கொண்டுவந்தாள். முதுகை அச்சசலாக வளைத்திருந்தார்கள். "இடுப்பு வளையற வயசு வரைக்கும் ஆயுசு கெட்டியா இருக்கணும்னு தர்றோம்" என்றாள். பிறகு என்னைப் பார்த்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் தொண்டை வலித்தது. நீயும் இப்படித்தான் அச்சு வைத்துச் செய்வாயா?

குரல் இருக்கிறதாம். உள்ளே கேமரா விட்டுத் திரையில் காட்டினார்கள், இரண்டு குரல்நாண்களும் அசைகின்றன. ஆனால் நான் இன்னும் பேசவில்லை. "ஆ சொல்லுங்க" என்றார்கள், சொன்னேன். அது பேச்சு இல்லை. குரோதா வந்து ஒரு மணி நேரம் கத்திவிட்டுப் போனான், "பேசுய்யா, காசா பணமா" என்று. தலையாட்டினேன். இந்தக் கழுத்தில் அவனுக்கு அதுவும் தெரிந்திருக்காது.

பேச முடியும் என்கிறார்கள். முதலில் எதைப் பேசுவது என்று தெரியவில்லை. ஏலத்துக்குப் போகவில்லை. பெட்டிமேல் வேறு ஆள் நிற்கிறான். அதைக் கேட்டபோதும் ஒன்றும் தோன்றவில்லை.

தோகுஜி


ஒகாயாமா
25 ஜனவரி 2025

அண்ணனுக்கு,

அச்சு வைத்துத்தான் செய்கிறோம். காரட்டுக்கு அச்சு, சால்மனுக்கு அச்சு. எறா அச்சு எங்களிடம் இரண்டு உடைந்துவிட்டன. கெட்டி மாவு ஆறு பொட்டலம் அனுப்பியிருக்கிறேன், கடையில் வாங்குகிறதைவிடக் கட்டி தட்டாது.

இனி எழுதப்போவதை மூன்று முறை கிழித்துப் போட்டேன்.

முதல் கடிதத்தில், அப்பாவுக்குச் "சொல்லப்பட்டது", "சொல்லப்பட்டது" என்று எழுதினேன். யார் சொன்னது என்று எழுதவில்லை. உங்களுக்குத் தெரியும். நான்தான் சொன்னேன். நீங்கள் முதல் நாளே எனக்குச் சமையலறையில் வைத்து விஷயத்தைச் சொல்லிவிட்டீர்கள். மறுநாள் காலையில் அப்பா ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டே கேட்டார். "நாளைக்கு என்னம்மா பண்ணப் போறாங்க? அவன் மூஞ்சியே சரியில்ல." நான் அவர் முகத்தைப் பார்த்து, "சின்னக் கொப்புளம்பா, கிள்ளி எடுத்துடுவாங்க" என்றேன். சிரித்துக்கொண்டே சொன்னேன். பிறகு பலகையில் "எப்போது திரும்பி வரும்" என்று எழுதிக் காட்டியபோது, "வசந்தத்துக்குள்ள வந்துடும்பா" என்றதும் நான்தான். நீங்கள் கதவருகே நின்றுகொண்டிருந்தீர்கள். கையெழுத்து மட்டும்தான் உங்களுடையது. பொய் இரண்டும் என்னுடையது. அதனால்தான் அவர் எனக்கு எழுதினார், உங்களுக்கு எழுதவில்லை. நான் நல்லவள் என்று நினைத்துக்கொண்டே போய்ச் சேர்ந்தார்.

சாவு வீட்டில் நான் அப்படிக் கத்தியபோது, "நீ என்ன சொன்னே அவர்கிட்ட?" என்று ஒரு வார்த்தை நீங்கள் கேட்டிருந்தால் என் கதை அங்கேயே முடிந்திருக்கும். கேட்கவில்லை. இருபத்திரண்டு வருஷம் கேட்கவில்லை. அதற்காகவும் உங்கள்மேல் கோபமாக இருந்தேன், நம்புவீர்களா?

காத்திருப்பு அறையில் என் வாய் அப்படித் திறந்த பிறகு இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

முதலில் எதைப் பேசுவது என்று கேட்டீர்கள். அப்பாவிடம் போய்ச் சொல்லுங்கள். அது என்ன நோய் என்று அவருக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை. என் பங்கையும் சேர்த்துச் சொல்லுங்கள். எனக்கு வர தைரியம் இல்லை.

மிசாவோ


மினோஹாமா
9 மார்ச் 2025

மிசாவோவுக்கு,

பனி உருகிவிட்டது. கல்லறைக்குப் போகிற பாதை திறந்துவிட்டது, இன்று காலை போய் வந்தேன்.

போன வருஷப் புத்தாண்டு பூகம்பத்தில் நம் குடும்பக் கல்லறைக் கல் முன்பக்கமாகச் சாய்ந்துவிட்டது. எழுத மறந்துவிட்டேன். விழவில்லை, சாய்ந்து நிற்கிறது. கல்தச்சரிடம் பெயர் கொடுத்திருக்கிறேன், ஊர் முழுக்க வேலை இருப்பதால் நம் முறை வர இன்னும் ஒரு வருஷம் ஆகுமாம். எனக்கு அது வசதியாகப் போயிற்று. நேராக நின்றிருந்தால் அப்பா பெயரைப் பார்க்க எனக்குக் கழுத்து நிமிராது. இப்போது கிட்டே போய் நின்றால் நேருக்கு நேராக இருக்கிறது.

சாகே கொண்டுபோனேன். கல்லில் ஊற்றினேன். எனக்கு உன் மாவைக் கலந்த தேநீர். பிறகு பேசினேன்.

"அப்பா, அது கொப்புளம் இல்லப்பா. புத்துநோய். எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் கையெழுத்துப் போட்டேன். மிசாவோவுக்கும் தெரியும். அவ சொன்னதும் பொய்தான். கொரல் வசந்தத்துல வராது, எப்பவுமே வராதுன்னு எங்க ரெண்டு பேருக்கும் தெரியும். ஒங்களக் கேட்டிருக்கணும். கேக்கல. மன்னிச்சிடுங்க."

அவ்வளவுதான். குரல் பழைய குரல் இல்லை. உமியைத் தேய்க்கிற மாதிரி வருகிறது. பக்கத்துக் கல்லைக் கழுவிக்கொண்டிருந்த அம்மாள் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள், அந்த அளவு சத்தம். ஏலத்துக்கு உதவாது.

நான் ஏன் உன்னைக் கேட்கவில்லை என்றாயே. நீ அன்று சொன்னது எனக்குத் தப்பாகவே தோன்றவில்லை. என்னைக் கேட்டிருந்தால் நானும் வசந்தம் என்றுதான் சொல்லியிருப்பேன். என்னைவிட நீ நன்றாகச் சொன்னாய். அன்றைக்கு அப்பா நிம்மதியாகத் தூங்கினார், நான் பார்த்தேன்.

ஏலத்தில் விலையைச் சொல்லிவிட்டு மனசுக்குள் மூன்று எண்ணும்வரை காத்திருப்பேன். முப்பது வருஷப் பழக்கம், இங்கேயும் நின்றேன். யாரும் விரல் காட்டவில்லை. அழுகையும் வரவில்லை. தேநீரைக் குடித்து முடித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

நீ டாக்டரிடம் காட்டினாயா?

தோகுஜி


ஒகாயாமா
15 மார்ச் 2025

அண்ணா,

காட்டினேன். மூக்கு வழியாகக் கேமரா விட்டார்கள். கண்ணில் தண்ணீர் கொட்டிற்று. எனக்கு ஒன்றும் இல்லை என்றார்கள். கடைசியாகக் கண்ணில் தண்ணீர் வந்தது அதற்குத்தான்.

உங்கள் கடிதத்தை இல்லத்துச் சமையலறையில் படித்தேன். அப்பாவிடம் சொன்னதை மட்டும் வாய்விட்டுப் படித்தேன், மிக்ஸியை ஓடவிட்டுக்கொண்டு. என் குரலில் கேட்டால் அது பொய் மாதிரி இருக்கிறது.

உங்கள் குரலைக் கேட்க விருப்பமில்லை என்று எழுதியிருந்தேன். அதைக் கிழித்துவிடுங்கள்.

எங்கள் வீட்டு எண் பழைய எண்தான். நாலு மணிக்கு மேல் வீட்டில் இருப்பேன். எடுக்க நேரமாகும், மணி அடித்துக்கொண்டே இருந்தாலும் வைத்துவிடாதீர்கள். எடுத்த பிறகு நான் ஒன்றும் சொல்லாமல் இருந்தாலும் வைத்துவிடாதீர்கள். நான் அங்கேதான் இருப்பேன். நீங்கள் பேசுங்கள்.

மிசாவோ